சுட்டிக்காட்டிய விரலும் வேட்டையில் சேரும்



ஃபிக்ஹு நூல்களில் ‘வேட்டையும் அறுப்பும்’ என்று ஒரு பாடம் உண்டு. தமிழகத்தில் நாம் ஓதிய காலத்தில் அப்பாடத்தின் அறுப்புப் பகுதி வாரக்கணக்கில் நடந்தது. குர்பானி நம் எல்லோருடைய வீட்டிலும் உள்ள காரியம் அல்லவா? வேட்டைப் பகுதியோ இரண்டே நாளில் முடிந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் நம் நாட்டில் காட்டு விலங்கின்மேல் கைவைப்பது குற்றம். முயலுக்குக் கண்ணி வைத்தவனும் நீதிமன்றப் படியேற வேண்டும். ஆகவே அம்பு, ஈட்டி, பழக்கப்பட்ட நாய் என்று கிதாபு பேசிக்கொண்டே போக, ஓதிக்கொடுத்தவரும் ஓதியவர்களும் அதை ஒரு பழைய உலகத்தின் செய்தியாகவே கேட்டுக் கடந்தோம்.

அந்தப் பாடத்தை மீண்டும் வரிவரியாகத் திருப்பிப் பார்க்கும் தேவை, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திற்கு வந்து ஞாயிறு மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் நமக்கு ஏற்பட்டது.

நம்மிடம் ஓதும் பதினான்கு வயது மாணவன் ஒருவனின் தகப்பனார் காயல்பட்டினத்தைச் சேர்ந்தவர். நம்மைவிட மூத்தவர், நாம் அவரைக் காக்கா என்றே அழைப்போம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் அலுவலக நண்பர்களோடு சேர்ந்து துப்பாக்கி வேட்டைக்குப் போய், பெண் எல்க் ஒன்றை வீழ்த்தி வந்தார். எலும்பு நீக்கிய இறைச்சியே ஏறக்குறைய 70 கிலோ. குளிர்பெட்டி நிறைந்தது. ஆனால் அவர் ஓடிச்சென்று சேர்வதற்குள் அது உயிர்விட்டிருந்தது, அறுக்க வாய்க்கவில்லை. அவருடைய உம்மா அதைக் கேட்டதும், “அறுக்காததை நான் தின்ன மாட்டேன் வாப்பா” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவ்வீட்டில் இரண்டு சட்டி ஏறியது. மகனுக்கும் பேரனுக்கும் ஒன்று. உம்மாவுக்கும், மாமியாரை விட்டுவிட்டு உண்ண மனமில்லாத மருமகளுக்கும் இன்னொன்று. ஒரே ஸஹனில் கூடியமர்ந்து உண்டு பழகிய ஊர்க்காரர்களுக்கு இது எவ்வளவு உறுத்தியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மஸ்அலா நம்மிடம் வந்தது. நாம் ஹனஃபி மத்ஹபில் ஓதியவர்கள், அவர்கள் ஷாஃபிஈ. இரு மத்ஹபின் நூல்களும் களிமண் உருண்டையை வில்லில் வைத்து எறிந்து கொன்ற பறவையை ஆகாது என்கின்றன. அது கூர்மையால் துளைக்கவில்லை, அடியால் நசுக்கிக் கொன்றது என்பது காரணம். துப்பாக்கிக் குண்டு வந்தபின், அதை அந்த உருண்டையோடு சேர்ப்பதா, அம்போடு சேர்ப்பதா என்று உலமாக்கள் கருத்து வேறுபட்டார்கள். யமன் நாட்டு இமாம் ஷவ்கானீ, குண்டு உடலைத் துளைத்துச் செல்வதால் ஆகும் என்றார். இன்றைய அரபுலக அறிஞர்கள் பலரும் அவ்வாறே கூறுகின்றனர். நம் துணைக்கண்டத்து ஹனஃபி உலமாக்களில் பெரும்பாலோர், உயிரோடு பிடித்து அறுத்தாலன்றி உண்ணலாகாது என்பவர்கள். இவ்வளவையும் அவர் முன் வைத்தோம். ஆகும் என்ற கருத்தைப் பற்றிப் பிடித்து உண்பவரை நாம் இழிவாகப் பேசவில்லை. உம்மாவின் பேணுதல் தவறு என்றும் சொல்லவில்லை. “கருத்து வேறுபாடே இல்லாத வழி ஒன்று உண்டா?” என்று அவர் கேட்டார். கூர்மையான முனையுள்ள அம்பு. பிஸ்மில்லாஹ் சொல்லி எய்வது. உயிரோடு கைக்கு எட்டினால் கத்தியால் அறுப்பது. இதில் இரு மத்ஹபுக்கும் சச்சரவே இல்லை என்றோம்.

காக்கா ஒரு நிமிடம் யோசித்தார். “அப்படியென்றால் அக்டோபர் போய் செப்டம்பர் ஆகிவிட்டது, உஸ்தாத்” என்றார்.

நமக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. கொலராடோவில் ஒவ்வோர் ஆயுதத்துக்கும் தனிப் பருவம் உண்டு. வில்லுக்குச் செப்டம்பர் மாதம். துப்பாக்கிக்கு அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை பல தவணைகள். ஃபிக்ஹுச் சட்டம் ஒன்று ஒரு மனிதரின் நாட்காட்டியையே மாற்றிவைப்பதைக் கண்ணெதிரே பார்த்தோம். மாதம் மட்டுமா மாறியது? துப்பாக்கியில் இருநூறு, முந்நூறு கஜத்திலிருந்து சுடலாம். வில்லுக்கு அப்படி இயலாது. தினமும் அஸருக்குப் பின் வீட்டின் பின்புறம் இருபது அம்பு எய்து பழகியும், முப்பது கஜத்துக்கு அப்பால் எய்வதில்லை என்று காக்கா தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்டார். அம்புமுனை குறைந்தது 7/8 அங்குல அகலம், எஃகு வெட்டுவிளிம்புகள், வில்லின் இழுவிசை குறைந்தது 35 பவுண்டு என்று மாநிலச் சட்டமும் சில அளவுகளை வைத்திருக்கிறது. முப்பது கஜத்துக்குள் காட்டு விலங்கை நெருங்குவது என்றால், அது எங்கே உறங்குகிறது, எந்த வழியே நீருக்கு வருகிறது, காற்று எந்நேரம் எப்பக்கம் வீசுகிறது என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஆகஸ்ட் மாதத்திலேயே மலையேறி இடம் பார்த்து வருவது இங்குள்ள வில் வேட்டைக்காரர்களின் வழக்கம். வில்லில்லாமல், அம்பில்லாமல், பைனாகுலரும் நோட்டுப் புத்தகமுமாகப் போவது. இந்த ஆண்டு அதற்கு நம்மையும் அழைத்தார். மகனும் வந்தான்.

எல்க் என்றால் என்னவென்று வாசகர்கள் கேட்கக்கூடும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடமானுக்கு, தென்மாவட்டத்தார் மிளா என்பதற்கு, உறவு, அதைவிடப் பெரியது. வளர்ந்த ஆண் 300 கிலோவுக்கு மேலும் இருக்கும். இலங்கை வாசகர்களுக்கு இன்னொரு செய்தி: உங்கள் நாட்டு மரையைத்தான் ஆங்கிலேயத் தோட்டத் துரைமார்கள் எல்க் என்று எழுதிவைத்தார்கள், அது வேறு, இது வேறு. ஐரோப்பாவிலோ அதே பெயர் மூஸ் எனப்படும் மற்றொரு பெருமானுக்கு வழங்குகிறது. இந்நாட்டின் ஷானி பழங்குடியினர் வைத்த பெயர் வபீட்டி. வெண்ணிறப் பிட்டம் உடையது என்று பொருள். வெகுதூரத்திலிருந்து பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது அந்த வெளிர்நிறம்தான் என்பதால், பெயர் வைத்தவர்கள் நன்றாகப் பார்த்து வைத்தவர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

கொலராடோவில் இன்று 2,50,000க்கும் மேற்பட்ட எல்க்குகள் இருப்பதாக மாநில வனவிலங்குத் துறை கணக்கிடுகிறது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சந்தைக்காகக் கண்டபடி சுட்டுத்தள்ளியதில் அவை அருகிப்போயின. எஸ்டெஸ் பார்க் பகுதியில் அறவே இல்லாமல் போய், 1913, 1914ஆம் ஆண்டுகளில் யெல்லோஸ்டோனிலிருந்து 49 எல்க்குகளைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. இன்றைய உரிமச் சீட்டு, பருவம், எண்ணிக்கை வரம்பு எல்லாம் அந்தப் பாடத்திலிருந்து பிறந்தவை. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் வீணாக விட்டு வருவதும் இங்கே குற்றம். இந்தச் சட்டத்தை வாசித்தபோது நம் உள்ளம் குளிர்ந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடித்து டென்வரிலிருந்து மேற்கே புறப்பட்டோம். நான்கு மணி நேரத்துக்கு மேலான பயணம். போய்ச் சேர்ந்த இடம், ஒயிட் ரிவர் தேசிய வனத்தைச் சேர்ந்த ஃப்ளாட் டாப்ஸ் மலைப்பகுதி. பெயருக்கேற்ப உச்சி தட்டையானது. எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை விளிம்புகள் கோட்டை மதில்போல் செங்குத்தாக இறங்கும். அடியில் ஸ்ப்ரூஸ் மரக்காடு, இடையிடையே புல்வெளி, எண்ணற்ற சிற்றேரிகள். அவற்றில் ட்ராப்பர்ஸ் ஏரி புகழ்பெற்றது. 1919ஆம் ஆண்டு அதன் கரையில் வீடுகளுக்கு மனை அளக்க அனுப்பப்பட்ட ஆர்தர் கார்ஹார்ட் என்னும் அரசு அலுவலர், இவ்விடத்தில் எதையும் கட்டாதிருப்பதே நன்று என்று மேலிடத்துக்குப் பரிந்துரைத்தார். அளக்கப் போனவர் அளவோடு நிறுத்தியதால், நூறு ஆண்டுக்குப் பின்னும் அக்கரை அப்படியே இருக்கிறது.

முதல் இரவு கூடாரத்தில் இஷா தொழுதோம். கிப்லா இங்கே வடகிழக்கு; நம் ஊரில் மேற்கு நோக்கியே தொழுது வளர்ந்தவர்களுக்குப் பல ஆண்டு ஆனாலும் அது சற்றுப் புதிதாகவே இருக்கிறது. ஆகஸ்ட் மூன்றாம் வாரம்தான் என்றாலும் விடியற்காலை ஒளுச் செய்யும் நீர் விரலைக் கடித்தது. தோல் காலுறைமீது மஸஹ் செய்யும் சலுகை பயணிக்கு மூன்று நாள் உண்டு என்பதை மாணவனுக்கு ஓதிக்கொடுத்திருந்தோம். அன்று அதன் பயனை அவனே கண்டுகொண்டான்.

ஃபஜ்ர் முடிந்து, நெற்றி விளக்கைக் கையால் பாதி மறைத்துக்கொண்டு மேடேறினோம். மூவரும் ஒரு பாறையின் நிழலில் அமர்ந்தோம். இனி வேலை பார்ப்பது மட்டுமே. எதிர்ச்சரிவைப் பைனாகுலரால் கட்டம் கட்டமாகப் பிரித்து, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகத் தேட வேண்டும். விலங்கைத் தேடாதே, விலங்கின் ஒரு பகுதியைத் தேடு என்பது காக்கா மகனுக்குச் சொன்ன முதல் பாடம். மரங்கள் நெட்டாக நிற்கும். அவற்றிடையே ஒரு கிடைக்கோடு தெரிந்தால் அது முதுகாக இருக்கலாம். பத்து நிமிடத்தில் பையனுக்கு அலுத்தது. இருபதாம் நிமிடத்தில் அவன்தான் முதலில் கண்டான்.

“வாப்பா, அதோ!” என்று கையை நீட்டினான். நீட்டிய கையைச் சட்டென்று மடக்கிக்கொண்டு நம்மைப் பார்த்தான்.

ஏனென்றால் அதற்கு முந்தைய மாதம்தான் மதரஸாவில் ஹஜ் பாடத்தில், அபூகதாதா (ரலி) அவர்களின் செய்தியை ஓதியிருந்தோம். ஹுதைபிய்யா பயணம். தோழர்கள் இஹ்ராமில் இருக்கிறார்கள். அபூகதாதா மட்டும் இஹ்ராமில் இல்லை. ஒரு காட்டுக்கழுதை தென்படுகிறது. தோழர்கள் தமக்குள் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். ஆனால் அவரிடம் வாய் திறக்கவில்லை. அவராகவே கண்டு, குதிரையேறி, சாட்டையை எடுத்துத் தரும்படி கேட்கிறார், மறுக்கிறார்கள். தாமே இறங்கி எடுத்து, வேட்டையாடிக் கொண்டுவருகிறார். பிறகு அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் செய்தி போகிறது. அவர்கள் கேட்டது இதுதான்: உங்களில் எவரேனும் அவரைத் தூண்டினீர்களா, அல்லது அதைச் சுட்டிக்காட்டினீர்களா? இல்லை என்றதும், மீதமுள்ளதை உண்ண அனுமதித்தார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி. ஹனஃபி மத்ஹபில், சுட்டிக்காட்டிய இஹ்ராம்தாரிமீதும் பரிகாரம் கடமையாகும்.

“நாம் இஹ்ராமில் இல்லை தம்பி, தாராளமாகக் காட்டு” என்றோம். காக்காவுக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

ஆனால் பையன் மடக்கிய விரலில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஈட்டி எறிவதை மட்டும் வேட்டையென்று கருதுவது நம் வழக்கம். மார்க்கமோ, பார்த்துச் சொன்ன கண்ணையும் நீட்டிய விரலையும் சாட்டை எடுத்துக்கொடுக்கும் கையையும் வேட்டைக் கணக்கிலேயே எழுதுகிறது. அதே பயணத்தை ஒட்டி இறங்கியதாக விரிவுரையாளர்கள் கூறும் அல்மாயிதா அத்தியாயத்தின் 94ஆம் வசனம், கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தொலைவில் வேட்டைப்பிராணிகளை வரச்செய்து அல்லாஹ் சோதிப்பதைப் பற்றிப் பேசுகிறது. எட்டாத இடத்தில் இருப்பதை விட்டுவைப்பதில் என்ன சோதனை இருக்கிறது? புறப்படும்போது, “நாம் சும்மா பார்க்கத்தானே போகிறோம்” என்று அவன் இருமுறை சொல்லியிருந்தான். அது சும்மா அல்ல என்பதை நாம் சொல்லாமலே அவன் விரல் அறிந்துகொண்டது.

வியப்பு என்னவென்றால், இந்த மாநிலத்தின் சட்டமும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. வேட்டைக்காக விலங்கைத் தேட ட்ரோன் பறக்கவிடுவது இங்கே குற்றம். எய்யாவிட்டாலும், தேடிப் பார்த்ததே குற்றம். பையனிடம் ஒரு சிறு ட்ரோன் இருக்கிறது. அதைக் கொண்டுவரலாமா என்று அவன் கேட்டிருந்தான். காக்கா மறுத்ததற்குச் சட்டம் ஒரு காரணம். “மேலே சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் குட்டியோடு மேய்கிற தாய் என்ன செய்யும்?” என்பது மற்றொன்று.

அன்று காலை பார்த்தது பதினோரு பெண் எல்க்குகளும் ஐந்து குட்டிகளும். வெயில் ஏறியதும் வடக்கு நோக்கிய நிழற்சரிவில் மரங்களுக்குள் ஒவ்வொன்றாக மறைந்தன. பகலில் அவை படுத்து அசைபோடும் இடம் அது. காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும். வெயில் பட்டதும் திரும்பி மேல்நோக்கி ஏறும். மாலையில் மீண்டும் இறங்கும். எல்க் கண்ணை நம்புவதைவிட மூக்கை நம்பும் விலங்கு. காற்று திரும்பும் நேரத்தைக் காக்கா ஒரு சிறு குப்பியிலிருந்து மாவுப்பொடியைத் தூவித்தூவிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். 9.40க்குத் திரும்பியது. பிறகு மின்னலுக்கு அஞ்சி நண்பகலுக்குள் மேட்டிலிருந்து இறங்கிவிட்டோம். கோடையின் பிற்பகல்களில் இம்மலைகளில் இடி தவறாது.

காக்கா லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதார். பயணத்தில் அவர்கள் மத்ஹபில் ஆகும். நாம் இரண்டையும் அதனதன் நேரத்தில் சுருக்கித் தொழுதோம். பையன் யாரைப் பின்பற்றுவது என்று இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். “உன் வாப்பாவோடு நில்” என்று சொல்லிவிட்டோம்.

இந்த வேறுபாடு மாலையில் ஒரு வேடிக்கையான விளைவைத் தந்தது. எல்க் மரத்தைவிட்டு வெளியே வருவது மாலையின் கடைசி வெளிச்சத்தில். அதுவே மஃரிப் நேரம். வேட்டையின் பின்னே செல்பவன் மறதிக்கு ஆளாவான் என்ற கருத்தில் ஒரு நபிமொழி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியிருக்கிறது. அது எவ்வளவு உண்மை என்பது பாறைமீது பைனாகுலரோடு அமர்ந்தால் தெரியும். ஒரு மணி நேரம் ஒரு நிமிடம்போல் போய்விடுகிறது. சூரியன் மறைந்தது. காக்கா மஃரிபை இஷாவோடு சேர்த்துக்கொள்வதாக நிய்யத் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நமக்கு அந்த வழி இல்லை. எழுந்து சற்றுத் தள்ளிப்போய்த் தொழுதோம். ஸலாம் கொடுத்துத் திரும்பும்போது தகப்பனும் மகனும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆறு கிளைக் கொம்புடைய ஆண் ஒன்று, கொம்பின் மென்தோல் கிழிந்து நாராகத் தொங்க, திறந்த வெளியில் நின்று ஓர் இளம் ஸ்ப்ரூஸ் மரத்தில் கொம்பை உரசிவிட்டு உள்ளே போயிற்றாம். கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைப்பது. கோடையில் நாளொன்றுக்கு இரண்டு சென்டிமீட்டர்கூட வளரும். அந்த அதிசயத்தை நாம் கேட்டே அறிந்தோம், பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

“உஸ்தாத் தொழுததால்தான் வந்தது போலும்” என்றார் காக்கா. பிறகு சற்று மௌனமாக இருந்துவிட்டு, செப்டம்பரில் சூரியன் மறைந்ததும் அம்பைக் கூட்டில் வைத்துவிடுவேன் என்றார். சட்டம் மறைவுக்குப் பின்னும் அரைமணி நேரம் அனுமதிக்கிறது. மங்கலில் எய்தால் காயம்பட்டது எந்தப் பக்கம் ஓடியது என்று தெரியாது என்பது அவர் சொன்ன காரணம். வேறு காரணமும் இருக்கலாம், நாம் கேட்கவில்லை.

இரண்டாம் நாள், இடத்தைத் தேர்வு செய்யும் நாள். எல்க்கின் குளம்படி பசுவின் கன்றுக்குரியதுபோல் வட்டமாக இருக்கும். அதைப் பின்தொடர்ந்து போனால் அவை புரளும் சேற்றுக்குழிகள் வரும். வெப்பம் தணியவும், இணைசேரும் பருவத்தில் தம் வாசனையைப் பூசிக்கொள்ளவும் ஆண்கள் அதில் உருளும். கலங்கிய நீர், கரையில் மயிர், சுற்றிலும் மாட்டுத்தொழுவத்தை நினைவூட்டும் நெடி. அப்படி இரண்டு குழிகள் கிடைத்தன.

மேல்குழி அற்புதமானது. அன்று காலை உருண்டதன் ஈரம்கூடக் காயவில்லை. சுற்றியுள்ள மரங்களின் பட்டை உரிந்து கிடந்தது. இருபத்தைந்து கஜத்தில் ஒளிந்து நிற்க வாகான விழுந்த மரம். பையன் துள்ளினான். கீழ்க்குழி அரைமைல் தள்ளி, சமதளக் காட்டுக்குள். தடங்கள் இருந்தன, பழையவை, குறைவானவை.

காக்கா மேல்குழியின் கரையில் நெடுநேரம் நின்றார். பிறகு அதைவிட்டு நடந்து, கீழே எட்டிப் பார்த்தார். அறுபது எழுபது கஜத்தில் கரும்பாறை விளிம்பு. அதன் அடியில் ஒரு சிற்றேரி.

“உஸ்தாத், அம்பு பட்டது பாறையிலிருந்து விழுந்து செத்தால்?”

ஆகாது என்றோம். அம்பால் இறந்ததா, விழுந்து இறந்ததா என்று அறிய வழியில்லை. உயரத்திலிருந்து விழுந்து செத்தது அல்மாயிதாவின் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டிருக்கிறது.

“தண்ணீரில் விழுந்து கிடந்தால்?”

அதுவும் அப்படியே. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டையைப் பற்றிப் பல கேள்விகள் கேட்டுத் தெளிந்தவர். நீரில் மூழ்கிக் கிடப்பதைக் கண்டால் உண்ணாதே என்பது அவருக்குக் கிடைத்த விடைகளில் ஒன்று. நீர் கொன்றதா, உன் அம்பு கொன்றதா என்பது உனக்குத் தெரியாதல்லவா? ஒருநாள் கழித்துக் கிடைத்து, அதில் தன் அம்பின் காயம் தவிர வேறொன்றும் இல்லையென்றால் உண்ணலாம் என்பதும் அங்கேயே இருக்கிறது. ஆனால் தேடுவதை இடையில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது என்பது நம் மத்ஹபின் நிபந்தனை.

நல்ல இடத்தில் அம்பு பட்ட எல்க்கும் நூறு, நூற்றைம்பது கஜம் ஓடித்தான் விழும். பெரும்பாலும் கீழ்நோக்கியே ஓடும் என்பது காக்காவின் அனுபவ நண்பர்கள் சொன்னது. மேல்குழியில் எய்தால் அது ஓடும் வழியில் பாறையும் ஏரியும் காத்திருக்கின்றன. கீழ்க்குழியில் எய்தால் சமதளம். குருதித் தடத்தைப் பிடித்துக்கொண்டே போகலாம். உயிரோடு இருந்தால் கத்தி எட்டும். இறைச்சியைச் சுமக்கும் கணக்கும் உண்டு. ஆளுக்கு 25 கிலோ வைத்தாலும் இருவர் இரண்டு நடை நடக்க வேண்டும். செப்டம்பர் வெயிலில் இறைச்சி காத்திருக்காது.

“மேலேதான் நிச்சயம் வரும் வாப்பா” என்றான் பையன். அவன் சொன்னது உண்மை. எங்கு எல்க் வரும் என்பதுதான் பொதுவாக வேட்டைக்காரர்கள் ஆகஸ்டில் தேடும் விடை.

“வரும். எனக்குக் கொம்பு வேண்டாம், உம்மாவின் சட்டிக்கு வேண்டும்” என்று சொல்லிவிட்டு, கைப்பேசி வரைபடத்தில் கீழ்க்குழியை அவனையே குறிக்கச் சொன்னார். அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு குறித்தான்.

வண்டி நிறுத்துமிடத்துக்கு இறங்கியபோது இன்னொரு வேட்டைக்காரர் தம் பொதியை இறக்கிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர், வயது எழுபதுக்கு மேல். “ஏதாவது கண்ணில் பட்டதா?” என்று கேட்டார். இங்கே இக்கேள்விக்கு மழுப்பலாகவோ பொய்யாகவோ பதில் சொல்வது ஏறக்குறைய ஒரு மரபு. யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பையன் தகப்பனாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். “பட்டது. எங்கே என்று மட்டும் சொல்ல மாட்டேன்” என்றார் காக்கா. கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். இத்தனை ஆண்டில் இப்படி ஒருவரும் பதில் சொன்னதில்லை என்று கூறி, தம்மிடமிருந்த பீச் பழங்களில் நான்கைக் கொடுத்தார். மேல்குழிக்குப் போகும் பாதையில்தான் அவர் ஏறிப்போனார். பையன் அதைக் கண்டு பெருமூச்சு விட்டான்.

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் போவதாக ஏற்பாடு, இன்ஷா அல்லாஹ். உரிமச் சீட்டு காக்காவின் பெயரில்; நமக்கு ஒப்படைக்கப்பட்டிருப்பது சுமைப்பை. வீடு திரும்பியதும் உம்மாவிடம் எல்லாவற்றையும் விவரித்தோம்: அம்பு, பிஸ்மில்லாஹ், பாறை, ஏரி, கீழ்க்குழி. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டார். உண்பேன் என்று அவர் வாக்களிக்கவில்லை.

“அம்பையும் கூடவே கொண்டு வா. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்றார்.